நான் கூட்டி எறிந்த சீமெந்துத் துகள்

முல்லைத்தீவுக் கரைப்பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பல வருசமாகக் கூட்டித் துடைத்து வருகிறேன். பெரிதாகப் படிக்காதவள். ஆனாலும் நான் கூட்டிய நிலத்தில் குப்பை கிடந்தது என்று இதுவரை எவரும் சொன்னதில்லை.

முதலாம் வகுப்பில் காலையில் சீமெந்துத் துகள் கொட்டிக் கிடக்கும். பிள்ளைகள் வருமுன் கூட்டி, வேலியோரம் எறிந்துவிடுவேன். நாலைந்து மாதம் இப்படியே போனது.

ஒருநாள் காய்ச்சலால் பிந்திப் போனேன். பள்ளிக்கூட அதிபர் அந்த வகுப்பில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னம்மா, இது எப்ப விழுந்தது?”

“அது எந்த நாளும் விழுறதுதான் சேர். நீங்கள் வர முதல் நான் கூட்டிப் போடுவன்,” என்றேன், பெருமையாகத்தான்.

“அதாலதான் எங்களுக்கு ஒருத்தருக்கும் தெரியேல்லை,” என்றார்.

அண்ணாந்து பார்த்தோம். கூரைக் கொங்கிறீற் வெடித்து, உள்ளே கறள் பிடித்துத் துருவேறிய கம்பி தெரிந்தது. அன்றே பிள்ளைகளைத் தகரக் கொட்டகைக்கு மாற்றினார். நாலாம் நாள் ஒரு பெரிய துண்டு பெயர்ந்து விழுந்து, முன்வரிசை மேசைகளை நொருக்கியது. கடல் மண்ணில் குழைத்த கொங்கிறீற், அந்த உப்புத்தான் கம்பியைத் தின்றது என்று பார்க்க வந்த இன்ஜினியர் சொன்னார்.

இப்போது புதுக் கூரை எழும்புகிறது. நானும் மாறிவிட்டேன். மேலேயிருந்து எது விழுந்தாலும் சுற்றி வெண்கட்டியால் வட்டம் போட்டுவிட்டு அதிபரைக் கூப்பிடுவேன். போன கிழமையும் ஓடிவந்தார். குனிந்து பார்த்துச் சிரித்தார்.

“இது குளவி கூடு கட்டின மண், அம்மா. கூட்டுங்கோ.”

அவர் சொன்ன பிறகுதான் கூட்டினேன்.