ஜன்னலுக்கு வெளியே நின்ற பாட்டு டீச்சர்

என் தம்பி பொய் சொல்லியிருக்கிறான். வாயால் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். கல்லில் வெட்டிச் சொல்லியிருக்கிறான்.

போன ஞாயிறு எங்கள் சபைக் கோயிலின் உள்சுவரில் ஒரு கருங்கல் பலகையைத் திறந்துவைத்தார்கள். ‘இச்சபையின் பாடற்குழுவை உருவாக்கிப் பயிற்றுவித்த டீக்கன்’ என்று போட்டு, கீழே, சபைக் காரியங்களைப் பார்த்துவந்த எங்கள் அப்பாவின் பெயர். சபைச் செயலாளர் என் தம்பிதான். ஆளாளுக்கு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்தக் கையைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் அப்பாவுக்குப் பாட வராது. வீட்டு ஜெபத்தில் அவர் பாட்டெடுத்தால் அம்மாவுக்கு உடனே இருமல் வந்துவிடும். எனக்கும் குரல் கிடையாது, அது அவர் கொடுத்த சொத்து.

கூட்டத்துக்குத் தப்பிப் பின்பக்கச் சாய்ப்புக்குள் போனேன். உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவில் பழைய ஆர்கன் கிடந்தது. காலால் மிதித்து வாசிக்கிற பெட்டி. மூடியைத் தூக்கினேன். எலிப்புழுக்கை நாற்றம். அதற்கும் அடியில் கொஞ்சம் வசம்பு வாசனை. இத்தனை வருஷம் கழித்து வசம்பு மணக்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு மணத்தது.

அந்த வசம்பைப் பெட்டிக்குள் போட்டது பாக்கியம் டீச்சர். நான் சொல்வது திருவிதாங்கூர் ராஜா காலம். மிஷன் பெண்பள்ளிக்கூடத்தில் அவர் எங்களுக்குப் பாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்கன் வாசிப்பார். சபைப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடற்குழு உண்டாக்கிப் பழக்கியதும் அவர்தான்; தம்பியும் நானும் அதில் இருந்தோம். புருஷன் கொழும்புக்குப் போனவர், போனவர்தான். ஒரே மகள் நேசம். என் வயதுக்காரி, என் வகுப்பு. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது, அதனால் பேச்சும் இல்லை. வசம்பை உரசி நாக்கில் தேய்த்தால் பேச்சு வரும் என்று டீச்சருக்குச் சொல்லாத ஆள் ஊரில் கிடையாது. அவரும் தேய்த்துப் பார்த்தார். பிள்ளைக்கு வாய் எரிந்ததுதான் மிச்சம். மீதி வசம்பை ஆர்கனுக்குள் போட்டுவிட்டார்.

“பிள்ளைக்க நாக்குக்குத்தான் உதவல்ல. பெட்டியப் பூச்சி அரிக்காமலாவது இருக்கட்டு.”

அப்போது எங்கள் பாட்டுப் படிப்பு டோ, ரே, மீ வழிதான். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சாடை உண்டு. டோவுக்கு மூடிய முஷ்டி. மீக்குப் படுக்கவைத்த கை. லாவுக்குத் தொங்கவிட்ட கை. மற்ற டீச்சர்மார் பாட்டு பிடிபட்டதும் சாடையை விட்டுவிடுவார்கள். பாக்கியம் டீச்சர் விடவில்லை. வாயே திறக்காமல், கையை மட்டும் அசைத்து, முழுப் பாட்டையும் எங்களிடமிருந்து வாங்கிவிடுவார். நேசத்துக்காகத்தான். மற்ற பிள்ளைகளுக்குப் புரிகிற ஏதாவது ஒன்று அதே நேரத்தில் தன் மகளுக்கும் புரிய வேண்டும், அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எங்களுக்கு அந்தச் சாடை வேறு வகையிலும் உதவியது. கணக்கு வகுப்பில் விடை மூன்று என்றால், மூன்றாம் சுரமான மீக்குப்போல் கையைப் படுக்கவைத்தால் போதும். ஆறு என்றால் தொங்கவிட்டால் போதும். ஏழுக்கு மேல் விடை வந்தால் வகுப்பே தோற்கும். கணக்கில் கெட்டிக்காரி நேசம்தான். காது கேட்காதவளிடம் காப்பியடித்துப் பாஸானவள் நான்.

அவர்கள் வீட்டு அடுப்படி இப்போதும் கண்ணில் நிற்கிறது. டீச்சர் ஒரு கையால் சாளைமீன் குழம்பைக் கிண்டிக்கொண்டே பாடுவார். மறு கையால் நேசத்தின் உள்ளங்கையைத் தன் தொண்டையில் அழுத்தி வைத்திருப்பார். தொண்டையின் அதிர்வு அவள் கைக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் நேசமும் ‘ம்ம்’ என்று இழுப்பாள். எப்போதும் ஒரே சுரம்.

“எம் பிள்ளைக்கு டோ மட்டுந்தான் தெரியும். அது போதும்ட்டி. மத்ததெல்லாம் அதுக்க மேல ஏறினதுதான?” என்பார். அதற்குள் குழம்பு அடிப்பிடித்துவிடும்.

கோயிலில் நேசம் ஆர்கனின் பக்கப் பலகையில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது அவளும் ‘ம்ம்’ என்பாள். சபைக்கு அது பழகிப்போனது. அப்பாவுக்கு மட்டும் பழகவில்லை. அறுப்பின் பண்டிகைக்கு நாகர்கோவிலிலிருந்து மிஷன் துரை வருகிறார் என்று தெரிந்ததும் ஒத்திகைக்கே வந்துவிட்டார்.

“டீச்சரே, துரை வாற அன்னைக்கு ஒங்க பிள்ளை வீட்டில இருக்கட்டு.”

“ஏன் டீக்கனய்யா?”

“மாடு அமறுத மாதிரில்லா இருக்கு. துரை என்ன நெனைப்பாரு?”

“ஆண்டவரு இத்தன நாளா கேட்டுக்கிட்டுத்தான இருக்காரு. துரைக்குக் காது அதவிடப் பெருசா?”

நாங்கள் சிரித்துவிட்டோம். அப்பா சிரிக்கவில்லை.

பண்டிகை அன்று கோயில் முழுக்க வாழைக்குலையும் நெற்கதிரும் பூசணியும். அப்பா வாசலில் நின்று நேசத்தைக் கையால் மறித்தார்.

“நீங்க போங்க. இவ வேண்டாம்.”

டீச்சர் சத்தம் போடவில்லை. “அவ இல்லாத எடத்தில எனக்கு என்ன சோலி?” என்று மகளைக் கூட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டார். ஆர்கன் மூடியபடியே கிடந்தது.

துரை வந்தாயிற்று. பாட்டை அறிவித்தாயிற்று. வேறு வழியில்லாமல் அப்பா ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். குச்சியைத் தூக்கினார். ஆர்கன் இல்லாமல் எந்தச் சுரத்தில் தொடங்குவதென்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

அப்போது வெளியிலிருந்து அந்த ‘ம்ம்’ வந்தது.

எங்களுக்கு நேர் எதிரே ஜன்னல். அதற்கு முதுகு காட்டி துரை உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலாகப் பார்த்தேன். வெளியே கிணற்றுத் திட்டில் டீச்சர் ஏறி நின்றார். பக்கத்தில் நேசம், அவள் கை அம்மாவின் தொண்டையில். டீச்சரின் வலது கை மூடிய முஷ்டி. டோ.

பிடித்துக்கொண்டோம். அந்தக் கை ஏறினால் ஏறினோம், இறங்கினால் இறங்கினோம். அப்பாவின் குச்சி ஒரு பக்கம் போனது, பாட்டு ஒரு பக்கம் போனது. கடைசிச் சரணம் முடியும்வரை டீச்சர் கையைத் தளர்த்தவில்லை.

துரை எழுந்து வந்து அப்பாவின் கையைக் குலுக்கினார். ஆர்கன்கூட இல்லாமல் பிள்ளைகளை இவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறீர்களே என்று சபைக்கு முன்னால் சொன்னார். அப்பா தலையைக் குனிந்தார். நானில்லை என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“எல்லாம் கர்த்தருக்க கிருபை” என்றார்.

அன்று வீட்டில் கோழிக்கறி. அம்மா தட்டைத் தொடவில்லை. “கோயில் நெறைய வாழக்கொல தொங்கிச்சு. வெளிய நின்னவளுக்கு ஒரு பழமாவது குடுத்தியளா?” என்று அப்பாவைக் கேட்டாள். அவர் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. அந்த மனிதரின் மகள் என்று என் கையைக் குலுக்குகிறார்கள்.

மறு வாரம் அப்பா ஆளனுப்பினார்: டீச்சர் வாசிக்க வரலாம், பிள்ளை கூடாது. டீச்சர் வரவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்த ஊருக்கு மகளோடு போய்விட்டார். பஸ் ஏற்றிவிட அம்மாவும் நானும் மட்டும் போனோம். வண்டி உறுமியதும் நேசம் பஸ்ஸின் பக்கத் தகரத்தில் உள்ளங்கையை வைத்து ‘ம்ம்’ என்றாள். டீச்சர் சிரித்தார். அவர்களை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அந்தக் கைச்சாடை தெரிந்தவர்கள் இன்று சபையில் தம்பியும் நானும்தான். இப்போதைய மின்சாரப் பெட்டியில் பொத்தானை அமுக்கினால் தாளம்கூடத் தானாக வருகிறது. கிணற்றை மூடிச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அடைத்த அந்த இடத்தில்தான் அப்பாவின் கல் இருக்கிறது.

தம்பி, நேற்று உன் வீட்டுக்கு வந்து கேட்டேன். “பழசக் கிளறாத அக்கா. நம்ம அப்பாதான?” என்றாய். நம் அப்பாதான். அதனால்தான் கேட்கிறேன். ஊரான் அப்பா என்றால் எனக்கென்ன? அன்று முன்வரிசையில் என் பக்கத்தில் நின்றவன் நீ. எங்கள் எல்லோரிலும் நல்ல குரல் உனக்குத்தான். ஒரு சுரம்கூடத் தப்பவில்லை நீ.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து அறிவிப்புகளை வாசிக்க எழுந்து நிற்பாய். மற்ற அறிவிப்புகள் இருக்கட்டும். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, பின்பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி இதற்கு மட்டும் பதில் சொல்: அன்று நீ எந்தக் கையைப் பார்த்துப் பாடினாய்?