அக்காவின் கீபோர்டு

அக்காவுக்குக் கை நடுக்கம். போனில் ஒரு எழுத்தைத் தொட்டால் நான்கு விழும். வில்லாபுரத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் தனியறை என்று எதுவும் கிடையாது. போனில் பேசினால் அத்தான், மாமியார், நாத்தனார் எல்லாரும் கேட்கத்தான் பேச வேண்டும். நான் நேரில் போனாலும் அத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவள் என்னிடம் மனம்விட்டு ஏதாவது சொல்ல எழுத்து ஒன்றுதான் வழி.

நான் பரவையில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று நிரலைப் பொதுவில் வைத்திருக்கும் ஒரு தமிழ் கீபோர்டை எடுத்தேன். ஒரே எழுத்து சட்டென்று மறுபடி விழுந்தால் கண்டுகொள்ளாதே என்று சில வரிகளைச் சேர்த்து, அக்காவின் போனில் போட்டுக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே செய்தி வந்தது. ‘காபிய சிந்திட்டேன். விருந்தாளுக முன்னாடி எந்திரிச்சு உள்ள போன்னு சொல்லிட்டாரு உங்கத்தான். படிச்சதும் அழிச்சிருடா.’ அத்தான் மேல் வந்த கோபத்தோடு அதை அழித்தேன். எழுதவாவது முடிந்ததே என்று நிம்மதியாகவும் இருந்தது.

அந்த வரிகளைக் கீபோர்டை நடத்துகிறவர்களுக்கு அனுப்பி, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். ஒருவருக்காகச் சேர்க்க முடியாது, நீங்களே திருத்தி வைத்துக்கொள்ளலாம், அந்த உரிமை உங்களுக்கு உண்டு என்று பதில் வந்தது. பெரிய மனசு. அந்த உரிமையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர்கள் புதுப் பதிப்பு விடும்போதெல்லாம் என் வரிகள் இருந்த இடம் காணாமல் போகும். வாடகை வீட்டில் ஓனர் நினைத்தபோதெல்லாம் சுவரை இடித்துக் கட்டுகிற மாதிரி. நானும் விடாமல் பின்னாலேயே போய் ஒட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் செய்திகளும் வந்துகொண்டிருந்தன.

போன தீபாவளிக்கு அத்தான் அவளுடைய பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கினார். நான் திருத்தி வைத்திருந்த பதிப்பு அதில் ஏறவில்லை. புதுப் பதிப்பைத் திறந்தால், தொடுதலைக் கவனிக்கிற பகுதியையே முழுசாக அழித்து வேறு மாதிரி எழுதியிருந்தார்கள். என் வரிகளை ஒட்ட அங்கே இடமே இல்லை. இனி எழுத்து இன்னும் வேகமாக விழும் என்று அறிவிப்பு வேறு.

கீபோர்டைச் சரிசெய்து தருகிறேன், கொஞ்ச நாள் பொறுங்கள் என்று அத்தானிடம் சொன்னேன்.

“எதுக்கு மாப்ள இம்புட்டு கஷ்டம்? பேசி அனுப்புனா போகுது. நானே அமுக்கிக் குடுக்குறேன்” என்றார்.

இன்னும் அந்த நிரலோடு முட்டிக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் ஒட்டினால் இன்னோரிடத்தில் உடைகிறது. அக்காவிடமிருந்து தினமும் குரல் செய்தி வருகிறது. பின்னால் டிவி ஓடும், அத்தான் தொண்டையைச் செருமுவார்.

“நல்லா இருக்கேன்டா. நீ சாப்பிட்டியா?”

எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள்கூட அவள் ‘நல்லா இருக்கேன்’ என்று எழுதியதில்லை.