அப்பா காலை எடுக்காத பிரேக்

எங்கள் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்தவள் நான். அதனால் இந்தக் கட்டுரையை வேறு யாரிடமும் கொடுக்காமல் நானே எழுதினேன்.

அப்பா சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில், கூலி வேலை செய்த பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட, சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் வந்து, தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் பாய்லர் வேலை பழகினார். அந்த ஷாப் மூடியபின் நத்தம் சாலையில் ஒரு தோட்டப் பூங்காவில் சின்ன நீராவி ரயிலை ஓட்டும் வேலை கிடைத்தது.

பிள்ளைகள் ஏறும் ரயில்தானே என்று பலரும் நினைத்தார்கள். எஞ்சின் இடுப்பு உயரம்தான். ஆனால் உள்ளே எரிவது நிஜ நெருப்பு. ஓட்டுபவர் அடுப்பு வாய்க்கு நேராக முழங்காலை வைத்து உட்கார வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பூங்காவில் கட்டியிருந்த குகை வளைவுக்குள் நெருப்பு வெளியே சீறி அப்பாவின் காலைச் சுட்டது. அதன்பிறகு எஞ்சினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார். எச்சரிக்கை வந்த பக்கங்களை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பாய்லரைத் தொடாமல், அதைச் சோதிக்க வரும் பரிசோதகரைக் கேட்டுக்கொண்டு, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினார். கால்களுக்கு முன் இரும்புத் தகடு வைத்தார். இருந்த இடத்திலிருந்தே நெருப்பைத் தண்டவாளத்தில் கொட்ட நீளமான இழுகம்பி ஒன்றும் பொருத்தினார்.

ஓர் ஆயுத பூசையன்று அந்தக் கம்பிதான் எங்களைக் காப்பாற்றியது. அப்பா அதிகம் பயந்தது தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்க்குத்தான். அதனால் அன்று சந்தனத்தை முதலில் அதற்கே பூசினார். பூசை முடிந்ததும் வேலையாட்களின் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. அம்மாவும் நானும் முதல் பெட்டியில் இருந்தோம். சித்தப்பா கடைசிப் பெட்டியில் இருந்தார்.

மாந்தோப்புச் சரிவில் ஏறும்போது அப்பா குனிந்து குழாயைப் பார்த்தார். வண்டி ஓடினால் உள்ளே தண்ணீர் ஆட வேண்டும். தண்ணீர் மட்டம் என்று நினைத்திருந்த கோடு ஆடவில்லை. கட்டைவிரலால் துடைத்தார். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. குழாயில் தண்ணீரே தெரியவில்லை. தண்ணீர் திறக்கப் போன கையை உடனே பின்னுக்கு இழுத்தார். காய்ந்து கொதிக்கும் பாய்லர் தகட்டில் அப்போது தண்ணீர் பட்டால் பாய்லரே வெடிக்கும் என்று நானே அவருக்கு வாசித்திருந்தேன். வண்டியை நிறுத்திக் கம்பியை இழுத்தார். நெருப்பு கீழே கொட்டியது.

"என்னண்ணே, சாமி கும்பிட்ட அன்னிக்கே மக்கர் பண்ணுதாக்கும்?" என்று சித்தப்பா சிரித்தார்.

"வாய மூடிக்கிட்டுப் புள்ளைகளை எறக்குப்பா. வேலிக்கு அங்கிட்டு கூட்டிட்டுப் போ."

அம்மா இறங்கி அவர் சட்டையைப் பிடித்தார். "நீங்களும் வாங்க."

"பிரேக்க விட்டா வண்டி உங்க மேலதான் உருளும். போ. செத்த நேரத்துல வாரேன்."

மிதித்தால் மட்டுமே பிடிக்கும் பிரேக் அது. வேலிக்கு அப்பாலிருந்து அவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா என் கையை இறுக்கியதில் வளையல் உடைந்தது. குனிந்து பார்க்கவும் பயம். சித்தப்பா கல் எடுத்துக்கொண்டு சக்கரத்துக்கு அடை கொடுக்க ஓடினார். அப்பா கையை வீசித் துரத்தினார். நீராவியின் இரைச்சல் மெல்ல மெல்லத் தணிந்து, ஒரு கட்டத்தில் காகம் கரைவது கேட்டது. அதன்பிறகே சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கல் வைக்கச் சொன்னார். பிறகு அப்பா நடந்து வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வலது கால் இன்னும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.

"கும்பிடுறேன்னு அது கண்ணையே மறைச்சுப்புட்டேன்" என்றார்.

அதன் பின்னும் பல ஆண்டுகள் ஓட்டினார். பயம் போய்விட்டது என்று ஒருநாளும் சொன்னதில்லை. நுரையீரல் நோயில் படுத்தபின் தூக்கத்திலும் அவர் வலது கால் கட்டிலின் விளிம்பை மிதித்தது. சென்ற ஆண்டு, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் அமைதியாகக் கண்மூடினார்.

மருத்துவமனையில் துணையிருந்த அக்கம்பக்கத்தாருக்கும், பாடை கட்டியது முதல் காரியம் வரை கூட நின்ற பங்காளிகளுக்கும், அந்த ஆயுத பூசைக்குப் பின் பாய்லரைச் சோதித்து முடிக்கும்வரை ரயிலை நிறுத்தி, பூட்டிவிட்டு இறங்கக்கூடிய பிரேக்கைப் போட்டுக்கொடுத்த முதலாளிக்கும் எங்கள் நன்றி.

அந்த இருக்கையில் இப்போது சித்தப்பா உட்காருகிறார். புதுப் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று அம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டோம். சித்தப்பா வீடு வந்து சேரும்வரை அம்மா இன்னும் சாப்பிடுவதில்லை.