தம்பி மகளும் தண்ணிக் குழாயும்

என் தம்பி ப்ளம்பர். எந்த வீட்டுக் குழாய் மக்கர் பண்ணினாலும் பத்து நிமிஷத்துல வழிக்குக் கொண்டுவந்துடுவான். சொந்தப் பொண்ணு விஷயத்துலதான் அந்தச் சூரப்புலி மண்ணைக் கவ்வினான். கூடப் பிறந்தவளே இப்படிப் பேசறாளேன்னு நினைக்காதீங்க, கண்ணால பார்த்தவ நான். மாடியில அவங்க, கீழ நான். அங்க ஊசி விழுந்தாலும் இங்க கேட்கும்.

பொண்ணுக்கு ரெண்டே கால் வயசு. நாள் பூரா எதையாவது கொறிச்சுக்கிட்டே இருக்கும், அதனால நான்தான் சுண்டெலின்னு பேர் வச்சேன். அவ அம்மா பஸ் கண்டக்டர். பிள்ளைக்காக எடுத்த லீவு முடிஞ்சு ஒண்ணாம் தேதி வேலைக்குப் போயாகணும், போகலேன்னா வேலை காலி. சுண்டெலியைச் சேர்க்கப் பக்கத்துத் தெருக் காப்பகத்துல கேட்டா, "டயப்பரோட வர்ற பிள்ளைங்களை எடுக்கறதில்லைங்க. ஒண்ணுக்கு வந்தா வாய் திறந்து சொல்லணும்"னு அந்த டீச்சர் கறாரா சொல்லிட்டாங்க. கையில அஞ்சே வாரம்.

"இதெல்லாம் ஒரு விஷயமா?"ன்னான் தம்பி. நடுவுல ஓட்டை வச்ச குட்டி மஞ்சள் நாற்காலி ஒண்ணு வாங்கி பாத்ரூம்ல போட்டான். போன்ல மணிக்கொரு அலாரம். அது அடிச்சதும் பிள்ளையைத் தூக்கிட்டு ஓடி உட்கார வச்சு, பக்கத்துக் குழாயைத் திறந்துவிடுவான். தண்ணி சத்தம் கேட்டா தானா வருமாம்! தொழில் புத்தி எங்க போகும்?

"டேய், அது நனைஞ்சதே தெரியாம விளையாடிக்கிட்டிருக்கு. தானா கனியாத பழத்தைத் தடியால அடிச்சா கனியுமா?"ன்னேன்.

"நீ உன் தையல் மெஷினைப் பாருக்கா"ன்னுட்டான். திமிரு.

ஆனா பாருங்க, ரெண்டாவது வாரத்துல அவன் கட்சி ஜெயிச்சிடுச்சு. குழாயைத் திறந்தா போதும், சுண்டெலிக்கு டாண்ணு வந்துடும். மாடியில ஒரே கூத்து. டயப்பரை எல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல ஏத்திட்டாங்க.

அந்த வாரமே கண்டக்டரம்மாவுக்கு டிப்போவுல மெடிக்கல் டெஸ்ட். தம்பி பிள்ளையை வேலைக்குக் கூடவே கூட்டிட்டுப் போனான். ஒரு வக்கீல் வீடு. சமையல்கட்டுல புதுக் குழாய் மாட்டிட்டு, கசியுதான்னு பார்க்கத் திறந்தான். சுண்டெலி நின்னது வக்கீலம்மாவோட புதுக் கம்பளத்து மேல. மிச்சத்தை நான் வேற சொல்லணுமா? பதறிப்போய்க் கம்பளத்தை அலச பாத்ரூம் குழாயைத் திறந்திருக்கான். மறுபடியும்! வயித்துக்குள்ள வர்றது பிள்ளைக்குத் தெரியவே இல்ல. குழாய் சொல்லுச்சு, விட்டுடுச்சு, அவ்வளவுதான்.

அன்னிக்குச் சாயங்காலம் மாடியில அழுகை. "நான் வேலையை விட்டுடறேன்"னு கண்டக்டரம்மா சொன்னது என் காதுல விழுந்துச்சு. அந்த வேலைக்காக மூணு வருஷம் விடாம பரீட்சை எழுதினவ அவ.

படியேறிப் போனேன். "அலாரத்தை அணைடா. அந்த நாற்காலியைக் கட்டிலுக்குக் கீழ தள்ளு. பரண்ல இருக்குற டயப்பரை எடு. அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை போகாது. ஒரு சின்னக் கசிவைக் கண்டுபிடிக்க அரை நாள் குந்தி உட்கார்ந்து பார்க்கறியே, பெத்த பிள்ளையை ஒரு மணி நேரம் அப்படிப் பார்த்தியா?"

தம்பி முதல்ல அலாரத்தை அணைச்சான். மறுநாள்லேர்ந்து பிள்ளையைப் பார்க்க ஆரம்பிச்சான்.

சாயங்காலமானா கீழ வந்து எங்கிட்ட ஒப்பிப்பான். "அக்கா, இன்னிக்கு மதியம் தூங்கி எழுந்தும் டயப்பர் காய்ஞ்சே இருந்துச்சு." ரெண்டு நாள் கழிச்சு, "கதவுக்குப் பின்னால போய் ஒளிஞ்சு நிக்கறாக்கா, அப்புறந்தான் போறா." அப்புறம் ஒருநாள் நனைஞ்ச டயப்பரைப் பிடிச்சு இழுத்து, "ஈரம், கழட்டு"ன்னாளாம். தானே டிராயரை இறக்கப் பழகிட்டா. பொம்மையைக் கிண்ணத்து மேல உட்கார வச்சு, "போ, போ"ன்னு அதட்டல் வேற! கடைசியில யாரும் சொல்லாமலே கட்டிலுக்குக் கீழ புகுந்து மஞ்சள் நாற்காலியை இழுத்துட்டு வந்துட்டா.

வீட்டுல சரி. வெளியிடத்துல சொல்லுவாளா? ஒண்ணாம் தேதிக்கு மூணே நாள். கண்டக்டரம்மா யூனிஃபார்மைத் தேய்ச்சு மடிச்சு வச்சிருந்தா, பெட்டியில வைக்கவும் மனசில்ல, மாட்டிப் பார்க்கவும் மனசில்ல.

அன்னிக்குன்னு பார்த்து அதே வக்கீல் வீட்டுலேர்ந்து போன், பாத்ரூம்ல ஒழுகுதாம். கண்டக்டரம்மா கையெழுத்துப் போட டிப்போ போயிருந்தா. வேற வழியில்ல, பிள்ளையோட போனான், டயப்பர் இல்லாம. இவங்க தலையைப் பார்த்ததும் வக்கீலம்மா முதல் வேலையா கம்பளத்தைச் சுருட்டி உள்ள கொண்டுபோயிட்டாங்களாம். வேலை முடிஞ்சுது. இனி திறந்து பார்த்தாகணும். குழாயில கை வச்சவனுக்கு வேர்த்துக் கொட்டுது.

"அப்பா, திறக்காத."

பாத்ரூம் வாசற்படியில சுண்டெலி, காலை இடுக்கிக்கிட்டு. "இரு. எனக்கு வருது."

ஸ்பேனரை அப்படியே போட்டுட்டு அவளை டாய்லெட்ல உட்கார வச்சுப் பிடிச்சுக்கிட்டானாம். சொட்டுச் சத்தமில்லாத பாத்ரூம்ல அவளே போனா. இறங்கி டிராயரை ஏத்திக்கிட்டா. தரையில உட்கார்ந்து கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்த அப்பனை ஏற இறங்கப் பார்த்தா.

"ம், இப்பத் திற"ன்னா.