ஏலக்காய் மணக்கக் கூடாத வீடு

ஸ்வீடனில் எங்கள் ஆபீஸ் டைரக்டர், தான் குடித்த கோப்பையைத் தானே கழுவி வைப்பார். வந்து ஆறு வருடமாகியும், அதைப் பிடுங்கிக் கழுவிவிடலாமா என்று எனக்குக் கை பரபரக்கிறது. தினமும் ‘ஃபீக்கா’ என்று ஒரு காபி வேளை. டைரக்டரும் தரை துடைப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஏலக்காய் ரொட்டி தின்பார்கள். “நீ ஏலக்காய் மலைக்காரன்தானே, சின்ன வயதில் நிறையத் தின்றிருப்பாய்” என்றாள் கூட வேலை செய்யும் ஈவா. “எங்கள் வீட்டில் ஏலக்காயே கிடையாது, அம்மா அதைப் பறிக்கப் போனவள்” என்றேன். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

எங்கள் ஊர் போடியில் காய் எடுக்கப் போகிறவர்கள் வீட்டில் ஏலக்காய் மணக்கக் கூடாது. மணந்தால் திருட்டு. எங்கும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், மறந்து தொலைத்தேன். போன லீவில் போடி பஜாரில் முதல் தரக் காய் கால் கிலோ வாங்கி அக்கா பாண்டியம்மாவிடம் கொடுத்தேன். போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் இருபது வருடமாகக் காய் எடுக்கிறவள். நான் படித்ததே அவள் கூலியில்தான். ஆசையாக நாலு காயைத் தட்டிப் போட்டுக் கேசரி கிண்டி, கூட வேலை செய்கிறவர்களுக்கும் கொண்டு போயிருக்கிறாள். மத்தியானம் தூக்குவாளியைத் திறந்ததும் சூப்பர்வைசர் மோப்பம் பிடித்துவிட்டான். ஸ்டோரில் உலர்த்தி வைத்த காயைத் திருடினாள் என்று சொல்லி, இனி வராதே என்று விரட்டிவிட்டான்.

மறுநாள் காலை அவளோடு ஜீப்பில் ஏறிப் போனேன். என் சட்டையையும் ஷூவையும் பார்த்ததும் சூப்பர்வைசர் எழுந்து நாற்காலி போட்டான், டீ வரவழைத்தான். “தம்பி வாங்கிக் குடுத்ததுன்னு நேத்தே சொன்னேன் சார்” என்றாள் அக்கா, வாசலில் நின்றபடி. அவன் திரும்பக்கூட இல்லை. அதையே நான் சொன்னேன்.

“அட, சார் சொன்னாச் சரிதான். இப்பவே வேலைக்குப் போகச் சொல்லுங்க.”

நாடு கிடுகிடுவென வளர்கிறதாம், டிவியில் மார்தட்டுகிறார்கள். வளர்ந்தது முதலாளி வீட்டு மாடி. இருபது வருடம் உழைத்தவள் வாய்க்கு இல்லாத மதிப்பு என் சட்டைக்கு ஒரு நிமிடத்தில் கிடைத்தது.

“அவட்ட மன்னிப்புக் கேளுங்க” என்று கத்தினேன்.

“அதான் வேலை குடுத்தாச்சுல்ல சார்?” நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

“சும்மா இருடா” என்றாள் அக்கா. “நீ பிளேன் ஏறிருவ. நாளைக்கு இவன் மூஞ்சில நான்தான முழிக்கணும்?” விறுவிறுவென்று காட்டுக்குள் போய்விட்டாள். இவ்வளவும் நான் உட்கார்ந்துகொண்டே பேசியிருக்கிறேன்.

சாயங்காலம் வரை காத்திருந்து, காய் எடுத்தவர்கள் ஊர் திரும்பும் ஜீப்புக்குப் போனேன். டிரைவர் முன்சீட்டைத் துடைத்துவிட்டான். வேண்டாமென்று பின்னால் போய் நின்றேன். எல்லாம் எங்கள் தெருப் பெண்கள்.

“இங்கன எடம் இல்ல தம்பி, முன்னாடி போங்க” என்றாள் ஒருத்தி. அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். அப்புறமும் மூன்று பெண்கள் ஓடி வந்து பின்னால் ஏறினார்கள். எல்லோரும் நெருங்கி உட்கார்ந்து அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள்.