டிஸ்பென்சரி வாசலில் ஒரு வாளி

எழுபதுகளின் நடுவில், ஓர் அடைமழைக் காலம். மூணாறுக்கு மேலே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்தேன். நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருந்த காலரா, அந்த மழையில் எங்கள் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கும் ஏறி வந்துவிட்டது.

அதுவரை எங்களுக்கு எல்லாவற்றுக்கும் பினாயில்தான். தரைக்கும் அதுவே, பேசினுக்கும் அதுவே. அந்த வாசம் மூக்கில் ஏறினால்தான் ஜனங்களும் ஆஸ்பத்திரி என்று நம்புவார்கள். டவுனிலிருந்து ஜீப்பில் வந்துபோகும் மலையாள டாக்டர்தான், "இது போரா சிஸ்டரே" என்று தலையை ஆட்டினார். இந்த நோய்க்கு அது போதாதாம், இனி பிளீச்சிங் பவுடர் என்றார். பேசின், பாய், தரை எல்லாம் அதற்கு மாறின. நோயாளிக்குத் துணை இருப்பவர்கள் கை கழுவ வாசலிலும் ஒரு வாளி பிளீச்சிங் தண்ணீர் வைத்தேன். அதைத் தினமும் கலக்கி வைப்பது எங்கள் ஆயாம்மாவின் வேலை.

அய்யோ, அந்த நெடிக்கு நான் வாங்கிய ஏச்சு! கண் எரியுது, தொண்டை கமறுது என்று ஆளாளுக்குப் புலம்பல். நானும் வாய் சும்மா இருக்கிறவள் இல்லை. காலராவை விட இது எரியாது, கழுவிட்டு உள்ளே வா என்று விரட்டுவேன். அப்புறம் ஒரு கட்டத்தில் புலம்பல் தானாக அடங்கியது. பழகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் நோயாளிகளுக்குத் துணையாக வந்த இரண்டு பேருக்கு வாந்திபேதி கண்டது. லயம் முழுக்கப் பேச்சு பரவியது, டிஸ்பென்சரிக்குப் போனால் நோயை வாங்கிக்கொண்டுதான் வரணும் என்று. அன்று காலையில்தான் ஒரு நிறைமாதக்காரியைக் கம்பளியில் தூக்கி வந்திருந்தார்கள். கண் உள்ளே போய், நாடி கைக்கே அகப்படவில்லை. சலைன் ஏறிக்கொண்டிருந்தது. மத்தியானம் அவள் புருஷன் நாலு ஆட்களோடு வந்து நின்றான்.

"ஊசியப் பிடுங்குங்க நர்ஸம்மா. சாவுறதுன்னா வீட்ல சாவட்டும். இங்க கிடந்து இன்னும் நாலு பேத்துக்குக் குடுக்க வேணாம்."

எனக்கு வந்ததே கோபம்! அந்த பாட்டிலை எடுத்தால் அவள் லயம் போய்ச் சேரமாட்டாள், வயிற்றுப் பிள்ளையும் போய்விடும். "இதுல கழுவுனா ஒண்ணும் ஒட்டாதுய்யா, இந்தா பாரு!" என்று வாசல் வாளிக்குள் முழங்கை வரை விட்டேன்.

தண்ணீர் இதமாக, வெதுவெதுவென்று இருந்தது. கையை முகர்ந்து பார்த்தேன். ஒரு நெடியும் இல்லை.

ஆயாம்மாவைப் பார்த்தேன். அவள் வெள்ளந்தியாகச் சொன்னாள். "குளிர்ல எல்லாருக்கும் கை விறைக்குதேன்னு சுடுதண்ணியிலதான் கலக்குறேன் நர்ஸம்மா. நாத்தமும் போயிருது, ஒருத்தரும் ஏசல."

எங்கள் மலையில் வெந்நீர் அண்டா அடுப்பை விட்டு இறங்காது. வந்தவர்களுக்குக் கால் கழுவக்கூட வெந்நீர் கொடுப்பதுதான் மரியாதை. அந்த மரியாதையை அவள் பிளீச்சிங் பவுடருக்கும் செய்துவிட்டாள்! சூட்டில் மருந்தின் வீரியம் எல்லாம் ஆவியாகப் போய்விட்டது.

மழுப்பியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. "நீங்க சொன்னது சரிதான்யா. இந்தத் தண்ணி செத்த தண்ணி. நோய் இங்கதான் ஒட்டியிருக்கு" என்று உடைத்துச் சொன்னேன். வாளியை அவர்கள் கண்முன்னாலேயே கவிழ்த்து, ஓடைத் தண்ணீரில் புதிதாகக் கலக்கச் சொன்னேன். நெடி குப்பென்று கிளம்பி எல்லோரும் இருமினார்கள். நான் ஜில்லென்ற தண்ணீரில் கையைத் திரும்ப விட்டேன்.

"இவள நான்தான் தொட்டுப் பாக்கப்போறேன். நான் படுத்தா அன்னைக்கு வந்து தூக்கிட்டுப் போ. அதுவரைக்கும் பாட்டில்ல கை வச்சே, பாத்துக்க!"

அவன் சட்டைக் கையைச் சுருட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு வாளியில் கையை விட்டுவிட்டு, உள்ளே போய் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு எங்கள் டிஸ்பென்சரிக்குள் ஒருவருக்கும் நோய் ஒட்டவில்லை. படுத்திருந்த அந்த இரண்டு பேரும் எழுந்து நடந்தார்கள். ஆயாம்மாவோ காவல்காரி மாதிரி வாசலில் நின்று, "பச்சத்தண்ணி! பச்சத்தண்ணியிலதான்!" என்று என்னைவிட உரக்க அதட்டினாள். நிறைமாதக்காரி பிழைத்து, மழை ஓயும் முன்பே அதே கட்டிலில் ஓர் ஆண் பிள்ளையைப் பெற்றாள். அவன் முதல் அழுகையைக் கேட்டு நானும் ஆயாம்மாவும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம்!

இப்போது அந்தப் பிள்ளைக்குத் தலை நரைத்திருக்கும், எதிரே வந்தால் எனக்கு அவனையும் அவனுக்கு என்னையும் தெரியாது. ஆனாலும், தப்பு எங்கள் பக்கம்தான் என்று நாலு பேர் முன்னால் சொன்ன அந்த ஒரு நிமிஷத்தால் ஒரு மனிதன் இன்று எங்கோ நடமாடிக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கும்போதெல்லாம், இந்த வயதிலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது.