பின்னால் வந்தவன்

தெருவில் பிரேக் கிறீச்சிடும் சத்தம் கேட்டால் ஓஸ்வால்ட் முதலில் கோட்டைத் தேடுவார். யாருக்காவது அடிபட்டதா என்று பார்ப்பது மற்றவர்கள் வேலை. கறுப்புக் கோட்டு, அதன் பித்தான்கள் அத்தனையும், தலையில் தொப்பி, கையில் பிரம்பு எல்லாம் சேர்ந்த பிறகுதான் அவர் வாசற்படி இறங்குவார். இத்தனை வருஷங்களில் கீழே விழுந்தவர்கள் பலர், அவர் நடுப்பித்தானுக்கு வருவதற்குள் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, சமாதானமாகிப் போய்விட்டிருக்கிறார்கள். அவர்கள் பேரில் அவருக்குத் தீராத வருத்தம்.

"சட்டம்னு ஒண்ணு இருக்குதுன்னே தெரியாத ஜனங்க," என்பார் மனைவி பியாட்ரிஸிடம்.

"சோறு ஆறிப்போகும்னாவது அவங்களுக்குத் தெரியுது. உங்களுக்கு அதுவும் தெரியல," என்பாள் அவள்.

கண்டோன்மென்ட் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்கியவர். மாஜிஸ்திரேட் துரைகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே, அரை அடி தாழ்ந்த நாற்காலியில், அவர் மட்டும் மாறாமல் இருந்தார். பென்ஷன் வந்த பிறகு அந்த அரை அடியை எப்படியோ ஏறிவிட்டார். அவர் குடியிருந்த ஆஸ்டின் டவுனில் எந்த வண்டி எந்த வண்டியோடு மோதினாலும் தீர்ப்பு அவருடையது. அவரை யாரும் கூப்பிட்டதில்லை. வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

விசாரணையில் முதலில் தகப்பன் பெயர் கேட்பார். அப்புறம் எந்தக் கோயில் பங்கு, யாரிடம் வேலை என்று போகும். வண்டியைக் கடைசியில்தான் பார்ப்பார். சில நாட்களில் அதுவும் கிடையாது. சட்டம் அவருக்கு ஒரே வரிதான். "பின்னால வந்தவன் மேலதான் தப்பு. முன்னால போறவனுக்கு இன்னா முதுகுலயா கண்ணு?" இதற்கு ஒரு விலக்கு உண்டு. பின்னால் வந்தவர் வெள்ளைக்காரர் என்றால், துரை வருவது தெரிந்தும் ஒதுங்காமல் போன முன்வண்டிக்காரன் குற்றவாளி. இரண்டு பக்கமும் துரைகள் என்றால் அன்றைக்கு ஓஸ்வால்டுக்கு முழங்கால் வலி.

இப்படிச் சுகமாக நடந்துகொண்டிருந்த நீதி பரிபாலனத்துக்கு, போன கோடையில் கோயில் வாசலிலேயே ஒரு சோதனை வந்தது.

உச்சிவேளையில் கோயில் மணி அடித்தால் கத்தோலிக்கர்கள் இருக்கிற இடத்திலேயே நின்று திரிகால ஜெபம் சொல்வது கண்டோன்மென்ட் வழக்கம். கீரைக்காரி கூடையோடு நிற்பாள். தையற்காரர் மிஷினிலிருந்து காலை எடுப்பார். ஒயின் கடை முதலாளியின் டிரைவர் டென்சில், மாதா சபையில் கொடி பிடிப்பவன், மோட்டாரை நிறுத்துவான். வழக்கம் ஏற்பட்ட காலத்தில் மோட்டார் இல்லை. ஆகவே அதை நடுரோட்டில் நிறுத்தலாமா என்று பெரியவர்கள் யாரும் யோசித்து வைக்கவில்லை.

அன்று மணி அடித்தது, டென்சில் நிறுத்தினான். வண்டியை நிறுத்துகிறவன் வலது கையை வெளியே நீட்டிக் காட்ட வேண்டும் என்பது மோட்டார் சட்டம். டென்சிலுக்கு இருந்தது ஒரே வலது கை. அது அப்போது நெற்றிக்கும் மார்புக்கும் தோளுக்குமாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் மதலைமுத்து ஓட்டி வந்த கார் நேராக வந்து முட்டியது. முன்காருக்கு மட்கார்டில் ஒரு நெளிவு. பின்காருக்கு ஒரு விளக்கு போயிற்று. ஆளுக்கு ஒன்றும் இல்லை.

ஓஸ்வால்ட் கோயில் கேட்டருகே தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஜெபத்தில் நின்றார். ஜெபத்தில் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பது அவர் பழக்கம். அந்த ஒரு கண் எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. கோட்டு வேறு ஏற்கெனவே உடம்பில் இருந்தது. இனித் தப்ப வழியில்லை.

மதலைமுத்துவின் எஜமானர் வெங்கடகிருஷ்ணன், மைசூர் சமஸ்தானத்துக்கு அணை கட்டிக் கொடுத்து ஓய்வு பெற்ற என்ஜினியர், சரிந்த தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டிலிருந்து இறங்கினார்.

"நீர் கோர்ட்டிலே இருந்தவராமே? யார் தப்புன்னு சொல்லும். இவன் தப்புன்னா இப்பவே சாவியை வாங்கிண்டு அனுப்பிச்சுடறேன்."

மதலைமுத்து ஓஸ்வால்டிடம் ஓடி வந்தான். "அண்ணே, அவன் கைய வெளிய போடல. நீங்க கேட்டாண்டதான நின்னீங்க, பாத்தீங்களே! ஊட்ல நாலு வாயிருக்குதுண்ணே."

"மணி அடிச்சா சாமிக்குக் கும்புடுவனா, ஒனக்குக் கை காட்டிக்கினு இருப்பனாடா?" என்றான் டென்சில். ஜெபம் முடித்து வெளியே வந்த கூட்டம் "சரியா கேட்டான்!" என்றது.

ஓஸ்வால்ட் கூட்டத்தைப் பார்த்தார். கை காட்டாமல் நடுரோட்டில் நின்றவர்களுக்கு விதித்த அபராதங்களை அவரே தம் கையால் எழுதியிருக்கிறார். ஆனால் அது பெஞ்சு. இது கோயில் வாசல். ஜெபம் சொன்னவன் பேரில் தப்பு என்று இங்கே நின்று எப்படிச் சொல்வது? அடுத்த மாதம் நற்கருணைப் பவனியில் சாமியாருக்கு மேலே விரிக்கும் குடையின் கால்களைப் பிடிக்கும் நால்வரில் அவர் பெயர் அந்த வருஷம்தான் முதல் தடவையாக வந்திருந்தது. உண்மை தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. தெரிந்ததால்தான் அவ்வளவு நேரம் தொண்டையைக் கனைத்தார்.

"மணி ரெண்டு பேருக்கும்தான் அடிச்சுது," என்று ஆரம்பித்தார். "ஒருத்தன் நின்னான். ஒருத்தன் நிக்கல. ஏன்டா மதலமுத்து, நீயும் ஞானஸ்நானம் வாங்கினவன்தான? நீயும் நின்னு ஜெபம் சொல்லியிருந்தா வண்டி இடிச்சிருக்குமா?"

"பிரேக் போடவே டைம் இல்லண்ணே, ஜெபத்துக்கு எங்க போவேன்?"

"பாத்தீங்களா, வாய!" என்றது கூட்டம். அத்தோடு கேஸ் முடிந்தது.

வெங்கடகிருஷ்ணன் சற்று யோசித்தார். வெள்ளம் எவ்வளவு வரும், மதகு எவ்வளவு தாங்கும் என்று ஆயுள் முழுவதும் கணக்குப் போட்டவர். "அதுவும் நியாயமாத்தான் படறது," என்று கையை நீட்டினார். மதலைமுத்து சாவியைக் கொடுத்தான். காரை ஓட்ட ஆளில்லாமல் என்ஜினியர் ஜட்காவில் வீடு போய்ச் சேர்ந்தார்.

கூட்டம் கலைந்ததும் ஓஸ்வால்ட் அவனை மதிலோரம் கூப்பிட்டார். "அத்தினி பேர் முன்னாடி வேற எப்படிடா சொல்றது? நாளைக்கே நான் அவர் ஊட்டுக்குப் போயி, டென்சில் கை காட்டல, என் கண்ணால பாத்தேன்னு சொல்லிடறேன். உன் வேல எங்கயும் போவாது." மதலைமுத்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மறுநாள் முழங்கால் வலி. அதற்கு மறுநாள் மழை. பிறகு பவனி வந்தது. குடைக்காலைச் சாயாமல் பிடித்தார் என்று சாமியாரே பாராட்டினார். பவனி முடிந்த ராத்திரி சாப்பாட்டில் பியாட்ரிஸ் கேட்டாள்:

"அந்தப் பையனுக்காக வாயத் தொறந்தீங்களா?"

"தீர்ப்பு சொன்ன ஜட்ஜு கேஸ் பார்ட்டி ஊட்டுக்குப் போனா லஞ்சம்னு பேச மாட்டாங்களா?"

"உங்கள யாரு ஜட்ஜுன்னது?"

அவர் பிசைந்த சோற்றையே மறுபடியும் பிசைந்தார்.

எஜமானர் கையெழுத்துப் போட்டு நல்ல சீட்டுக் கொடுக்காமல் கண்டோன்மென்ட்டில் எவனும் டிரைவருக்கு வண்டியைக் கொடுப்பதில்லை. மதலைமுத்து இப்போது ஆனேக்கல் பஸ்களைக் கழுவுகிறான்.

போன வாரம் ஒரு ஞானஸ்நானத்துக்காக ஓஸ்வால்ட் ஆனேக்கல் பஸ்ஸில் ஏறி ஓரத்தில் உட்கார்ந்தார். வாளியும் துணியுமாகச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"ஸ்தோத்திரம்ண்ணே. முழங்கால் பரவால்லியா?" குரலில் கோபம் துளியும் இல்லை. "என்ஜினியர் ஐயா ஊட்டுக்குப் போனீங்களா? இன்னும் வேற ஆளு வெக்கலயாம். அவன் கை காட்டலன்னு நீங்க ஒரே ஒரு வார்த்த சொன்னா..."

மழை வந்தால் ஜன்னலுக்கு இறக்கிவிடச் சுருட்டிக் கட்டியிருந்த கான்வாஸ் திரை ஓஸ்வால்டின் தலைக்கு மேல் இருந்தது. அவர் எட்டி அதன் கயிற்றை அவிழ்த்துவிட்டார். திரை இருவருக்கும் நடுவே விழுந்தது. வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.